திங்கட்கிழமைத் தொழிலாளி

முதலாவது, கரும்பு வண்டிக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் கொட்டகையைப் பிரித்து அதிகாரிகளின் கார்கள் நிற்க இடமாக்கினார்கள். இரண்டாவது, கரும்பை அரவைக்கு ஏற்றிச் செல்லும் கேரியரின் மேல் இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தினார்கள். மூன்றாவது, ஆபத்து வந்தால் இழுத்துக் கேரியரை நிறுத்துவதற்கென்று தொங்கிய கயிற்றை, இவர்கள் சும்மா சும்மா இழுக்கிறார்கள், அரவை கெடுகிறது என்று சொல்லி, கை எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டினார்கள். நான்காவது, போகிக்கு முதல் நாள் காலை ஷிப்டில், தனியாக நின்றிருந்த கன்னியப்பன் கால் வழுக்கிக் கேரியருக்குள் போனான். ஐந்தாவது, அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை என்று ஆலை எழுதிக் கொடுத்தது. ஆறாவது, பாதுகாப்பு வாரம் கொண்டாடி, விபத்தே இல்லாத ஆலை என்று தங்களுக்குத் தாங்களே கேடயம் கொடுத்துக்கொண்டார்கள். ஏழாவது, அறிக்கையில் குமிழ் வைத்தார்கள். இந்த வரிசையில்தான் நடந்தது. யாராவது மாற்றிச் சொன்னால் அவர் ஆலையின் ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அறிக்கை என்பது புதிதல்ல. எத்தனை டன் அரைத்தோம், எத்தனை மூட்டை சர்க்கரை, எத்தனை ஆள், எத்தனை மழை, எத்தனை விபத்து என்று வாராவாரம் அச்சடித்து முதலாளியின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்ததுதான். வெளியே கேடயம் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே அந்த அறிக்கையில் விபத்து ஒன்று என்றே போட்டிருந்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் மட்டும் பார்ப்பதற்கு. அந்த ஆலையில் பொய் சொல்லாத ஒரே பொருள் அதுதான் என்பதை சங்கத் தலைவனான நான் எதிரியாக இருந்தும் ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து அந்தக் காகிதத்தைச் சுவரகலத் திரையில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் ஒரு குமிழை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். குமிழை விரலால் இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுத்தால், இது இவ்வளவாக இருந்தால் லாபம் எவ்வளவாகும் என்று திரை கணக்குப் போட்டுக் காட்டும். கீழே இரண்டு பொத்தான்கள். ‘பழையபடி’ என்பதை அழுத்தினால் எல்லாக் குமிழும் தத்தம் இடத்துக்கு ஓடிவிடும். ‘சேமி’ என்பது சாம்பல் நிறத்தில் செத்தது போலக் கிடக்கும், முதலாளியின் விரல் பட்டால் மட்டுமே பச்சையாகும்.

திங்கட்கிழமைதோறும் பதினோரு மணிக்கு முதலாளியும் பொது மேலாளர் சடகோபனும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குமிழ்களை இழுத்துப் பார்த்தார்கள். அவர்கள் இழுத்ததெல்லாம் கீழே ஊரில் நடந்தது.

மழைக் குமிழை வலப்பக்கம் இழுத்தால் சித்திரை வெயிலில் மழை கொட்டியது, ‘பழையபடி’ என்றதும் நனைந்த துணி நனையாத துணியானது. சர்க்கரை விலையை ஏற்றினால் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் டீ வாயில் வைக்க முடியாமல் இனித்தது. ஆட்குறைப்புக் குமிழை இழுத்தால் மூன்றில் ஒருவரின் அடையாள அட்டையில் படம் வெளுத்துப்போய், அவர்களைத் தினமும் பார்க்கிற கேட்டு நாய் அவர்களைப் பார்த்துக் குரைத்தது. இதற்கெல்லாம் எங்கள் ஊர் முதல் வாரம் கூட்டம் கூட்டமாக நின்று பேசியது, இரண்டாம் வாரம் டீக்கடைக்காரர் திங்கட்கிழமைகளில் சர்க்கரையைத் தனியாகக் கொடுத்தார், மூன்றாம் வாரம் பெண்கள் மிளகாய் காயப் போடுவதைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் எதற்கும் பழகிக்கொள்கிறவர்கள். எங்களை இத்தனை காலம் ஆண்டவர்களுக்கு அது தெரியும்.

இப்படி ஒரு திங்கட்கிழமை சடகோபனுக்கு என்ன தோன்றியதோ, யாரும் தொடாமல் மூலையில் கிடந்த விபத்துக் குமிழை ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இழுத்தார். காலனித் தெருவில் பச்சையம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையில் கரும்புச் சோகையும் சட்டையில் சாற்றுக் கறையுமாகக் கன்னியப்பன் படலைத் திறந்துகொண்டு வந்து, “பசிக்குதுடி” என்றான்.

“வரேன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? ஒரு ஆளுக்குத்தான் ஒலை வெச்சிருக்கேன்” என்றாள் பச்சையம்மாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. தனக்கு வைத்திருந்த சோற்றைப் போட்டாள். மூன்றாவது கவளத்தை எடுக்கும்போது மேலே ‘பழையபடி’ அழுத்தப்பட்டது. தட்டு இருந்தது, சோற்றில் விரல் தடம் இருந்தது. அவள் அந்தத் தட்டை அடுத்த திங்கட்கிழமை வரை கழுவவில்லை.

அடுத்த திங்களும் வந்தான், அதற்கடுத்த திங்களும் வந்தான். சடகோபனுக்கு அந்தக் குமிழின் மேல் ஒரு விளையாட்டு ஏற்பட்டுவிட்டது. பூஜ்யத்துக்கு இழுத்ததும் லாபக் கட்டம் சிவந்துபோகும், ஏனென்றால் விபத்து இல்லாமலிருக்கக் கேரியர் மெதுவாக ஓட வேண்டும், இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கயிற்றைக் கீழே இறக்க வேண்டும். அந்தச் சிவப்பை முதலாளிக்குக் காட்டி, “பார்த்தீங்களா சார், இந்தச் சங்கத்துக்காரன் கேக்கறத கொடுத்தா இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் பழையபடிக்குத் திருப்புவார். கன்னியப்பன் வருவதும் போவதும் அந்தப் பேச்சின் நீளத்துக்கு ஏற்பத்தான்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரர்கள் திங்கட்கிழமைக் குழம்பில் ஒரு கரண்டி அதிகம் வைத்தார்கள். நாவிதர் அவனுக்குப் பாதி முகம் சவரம் செய்வதற்குள் அவன் போய்விட, அடுத்த வாரம் மறுபாதியிலிருந்து தொடங்கினார். பச்சையம்மாள் தாலி கட்டிக்கொள்வதா, பூ வைத்துக்கொள்வதா என்று தெருப் பெண்கள் கூடிப் பேசி, திங்கள் காலை வைத்துக்கொள்ளட்டும், அவன் போனதும் எடுத்துவிடட்டும், இதில் யாருக்கும் பேச்சுக் கிடையாது என்று முடிவு செய்தார்கள். ஒருவரும் மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை. டீக்கடையில் ஆண்கள் அவனைச் சும்மா விடவில்லை.

“இன்னா கன்னியப்பா, அங்க ஓவர்டைம் உண்டா?”

“அங்க ஒண்ணுமே இல்லய்யா. கரும்புக் கட்டு தூக்கிக்கினே இருக்கற மாதிரி தோள் மட்டும் வலிக்குது.”

“பரவால்லயே, செத்தும் வேலையிலதான் இருக்கற. பர்மனென்ட்டு பண்ணிட்டானுங்க போல!”

கன்னியப்பனும் சிரித்தான். பருவத் தொழிலாளி அவன். அரவை நடக்கும் மாதங்களில் தொழிலாளி, மற்ற மாதங்களில் யாருமில்லை. வருவதும் போவதும் அவனுக்குப் பழகியதுதான். ஆனால் ஒருநாள் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “தலைவரே, வரும்போது ஒண்ணும் தெரியல. போறப்போ ஒவ்வொரு தபாவும் மறுபடி வழுக்குது. மொத தபா மாதிரியேதான் இருக்குது” என்றான். அதன்பிறகு யாரும் அவனிடம் ஓவர்டைம் கேட்கவில்லை.

நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே துண்டறிக்கைகளில்தான். அநியாயம் எந்த உருவத்தில் வந்தாலும் அதற்கு ஒரு கோரிக்கை எழுதத் தெரியும். ‘கன்னியப்பனைத் திங்கட்கிழமைத் தொழிலாளி ஆக்காதே! பூஜ்யத்தைச் சேமி!’ என்று மஞ்சள் தாளில் அச்சடித்து ஊரெங்கும் ஒட்டினோம். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். சடகோபன் எனக்கும் ஒரு காப்பி வரவழைத்தார்.

“அது ஒரு அனுமானம், வேதகிரி. அனுமானத்துக்கு யாராவது போஸ்டர் ஒட்டுவாங்களா?”

“அனுமானத்துக்குப் பொண்டாட்டி இருக்குது சார். சோறு தின்னுது.”

“நான் இழுக்கலன்னா அந்தத் திங்கட்கிழமையும் கிடையாது. அதுக்கு நீங்க எனக்கு நன்றி சொல்லணும்.” திரையைத் திருப்பிக் காட்டினார். “இந்தச் சிவப்பைச் சேமிக்கச் சொல்றீங்க. உங்க கொடிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. எங்களுக்கு ஒத்துக்காது.”

நாங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தோம். அவர் ஒரு திங்கட்கிழமை விபத்துக் குமிழைத் தொடாமல் விட்டார். அவ்வளவுதான் செய்தார். பச்சையம்மாள் பூவோடு சாயங்காலம் வரை படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுநாள் காலை சங்க அலுவலகத்துக்கு வந்து, “நீங்க வேலைக்குப் போங்க” என்றாள். நாற்பது ஆண்டில் தடியடிக்கும் பூட்டிய கதவுக்கும் பணியாத சங்கம் ஒரு குமிழுக்குப் பணிந்து வேலைக்குத் திரும்பியது. அதை எந்த அறிக்கையிலும் அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஏரி விஷயம் தெரியவந்தது. முன்பொரு திங்கட்கிழமை மழைக் குமிழ் வலக்கோடி வரை போயிருந்தபோது கிராம நிர்வாக அலுவலர் குடையோடு அந்தப் பக்கம் வந்தவர், ஏரி நிரம்பியது என்று தன் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குமிழ் திரும்பியது, கிணறுகள் வற்றின, குட்டைகள் வற்றின, ஏரி மட்டும் வற்றவில்லை. இன்னொரு திங்களில் குமிழ் இழுத்தபோது பிறந்து, திரும்பியதும் மறைந்த ஆட்டுக்குட்டிகளில் கால்நடை மருத்துவர் காதில் அரசாங்க வில்லை மாட்டிய குட்டி மட்டும் தங்கி, இன்றும் மேய்கிறது. அரசாங்கம் எழுதிவிட்டால் ஆலையால் அதை அழிக்க முடியாது என்று ஊர் கண்டுகொண்டது. நாற்பது ஆண்டு போராடி நான் கண்டுகொண்டது இதற்கு நேர் எதிரானது. என்றாலும் ஏரியில் தண்ணீர் தளும்பியதை நானே பார்த்தேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கன்னியப்பனையே அழைத்துப் போனோம். அவர் அவனை உட்காரச் சொன்னார், மரியாதையானவர். “இருக்கறவர்னு எழுத ஒரு கட்டம் இருக்கு, இறந்தவர்னு எழுத ஒரு கட்டம் இருக்கு. திங்கக்கிழமை மட்டும் இருக்கறவர்னு எழுத எங்கிட்ட கட்டம் இல்லீங்களே” என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று அவர் பேனாவைத் திறப்பதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது.

அப்போது தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆலையில் எந்தச் சங்கத்துக்குப் பெரும்பான்மை என்று பார்க்க அலுவலர் நேரில் வருகிறார், உறுப்பினர் பெயரை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், உறுப்பினர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், ஊர்ச் சாட்சிகள் இருவர் ஆம், இவர்தான் என்று சொல்ல வேண்டும், அலுவலர் எழுதிக்கொள்வார். எழுதிக்கொள்வார் என்ற சொல்லைப் பச்சையம்மாள் என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரங்கல் தீர்மானம் போடாமல் எங்கள் சங்கம் யார் பெயரையும் அடிப்பதில்லை, கன்னியப்பனுக்கு நாங்கள் இரங்கல் போடவில்லை. ஆலை இல்லை என்று சொன்னவன் எங்கள் உறுப்பினர் பட்டியலில் இருந்தான். அலுவலரிடம் மன்றாடித் திங்கட்கிழமையாகவே தேதி வாங்கினேன்.

மேலே நம் ஆள் ஒருவர் வேண்டும். டைம் ஆபீஸ் குமாஸ்தா இருதயராஜ் சங்கத்துக்குச் சந்தா மட்டும் கட்டி, கூட்டத்துக்கு வராதவர். திங்கட்கிழமைகளில் திரையின் கீபோர்டில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதும் ‘பழையபடி’யை அழுத்துகிறவர் அவர்தான். “விபத்துக் குமிழை அவரு இழுப்பாரு தலைவரே, இழுக்காம அவரால இருக்க முடியாது. இழுத்த பிறகு என்னால முடிஞ்ச வரைக்கும் திரும்ப விடாம பாத்துக்கறேன். எவ்ளோ நேரம்னு மட்டும் கேக்காதீங்க” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை ஆலைக்கு வெளியே சைக்கிள் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டோம். அலுவலர் நடுத்தர வயது அம்மாள், மூக்குக் கண்ணாடி, கடுகடுப்பில்லாத முகம். சாட்சிகளாக அஞ்சலகத்துக்காரரும் பள்ளித் தலைமையாசிரியையும் உட்கார்ந்தார்கள். பதினொன்றேகால் மணிக்குக் கன்னியப்பன் சோகையைத் தட்டிக்கொண்டு வந்து, நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளின் பின்கேரியரில் உட்கார்ந்தான். பச்சையம்மாள் இருதயராஜின் அழைப்பில் இருந்த போனைக் காதில் வைத்தபடி அவன் பக்கத்தில் நின்றாள்.

“அவரு பேரை மொதல்ல படிச்சிடுங்க” என்றாள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. எங்கள் சங்கத்தில் பெயர் என்றால் அது சீனியாரிட்டி வரிசைதான். யார் முன்னே வேலைக்கு வந்தாரோ அவர் முன்னே. வேண்டியவனை முன்னே தூக்கிப் போடும் ஆலையின் வழக்கத்தை எதிர்த்து நாங்கள் பட்டினி கிடந்து வாங்கிய வரிசை அது. அதற்காக எங்களில் மூவர் சிறைக்குப் போனார்கள். பருவத் தொழிலாளிகள் அதில் கடைசி, அவர்களிலும் கன்னியப்பன் கடைசிப் பத்தில் ஒருவன். ஆனாலும் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அலுவலர் அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பட்டியல் எந்த வரிசையில் கொடுத்தீங்களோ அந்த வரிசையிலதான் படிக்கணும். மாத்தினா எதிர்ச் சங்கம் ஆட்சேபம் சொல்லும், மொத்தமும் செல்லாமப் போயிடும்.”

“ஒரே ஒரு பேருங்கம்மா.”

அதற்குள் சைக்கிள் மேலிருந்து கன்னியப்பனே குரல் கொடுத்தான். “வேணாம் தலைவரே. சீனியாரிட்டியை உடைக்காதீங்க. எனக்கு முன்னால இருக்கறவங்க இருக்காங்க இல்ல?”

“நீ வாயை மூடு” என்றாள் பச்சையம்மாள். “ஒருதபா இப்படித்தான் சொன்னதுக்கு ஒத்துக்கினு கேரியர் மேல தனியா நின்ன. போதும்.”

பட்டியலை முதல் பக்கத்துக்கே திருப்பினேன். நான் முதல் பெயரிலிருந்து படித்தேன். வேகமாகப் படித்தேன், மேடையில் முழங்கிப் பழகிய தொண்டையால் பெயர்களைத் துப்பாக்கி போலச் சுட்டேன். “மெதுவாங்க, நான் எழுத வேண்டாமா?” என்றார் அலுவலர். பாய்லர் பிரிவு அரங்கநாதன் எழுந்து, இனிஷியல் தப்பு, என் அப்பா பெயர் தனகோட்டி, ‘த’ போடுங்கள், ‘ந’ போட்டுத்தான் என் பி.எஃப் போயிற்று என்று தொடங்கினார். “ஒக்காருய்யா, ஒன் அப்பனை அப்பறம் திருத்திக்கலாம்” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மனுஷனுக்கு விஷயம் புரிந்து, வெட்கப்பட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு எழுந்தவர்களெல்லாம் எழுவதற்கு முன்பே இருக்கிறேன் என்று சொன்னார்கள், சாட்சிகளும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆம் என்றார்கள். முழங்கால் வலிக்காரர்கள் எழுந்தபடியே தயாராக நின்றார்கள். என் வாழ்நாளில் இந்தத் தொழிலாளிகள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

“டீயைக் கீபோர்டு மேல கொட்டிட்டாராம்” என்றாள் பச்சையம்மாள் போனிலிருந்து. நான் பக்கத்தைப் புரட்டினேன். நிரந்தரத் தொழிலாளிகள் முடிந்து பருவத் தொழிலாளிகள் தொடங்கினார்கள். “வேற கீபோர்டு எடுத்தாரப் போயிருக்காராம். வேணும்னே ஒயரு இல்லாததா எடுத்தாராராம்.” இன்னும் ஒரு பக்கம். கன்னியப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான், பெயர் கூப்பிட்டால் ஒழுங்காக எழ வேண்டும் என்பதுபோலக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

“மொதலாளி செவப்பைப் பாக்க முடியலன்றாராம்” என்றாள். பிறகு அவள் குரல் இறங்கியது. “சடகோபன் எழுந்துட்டாராம். அவரே போயி திரையில அழுத்தப் போறாராம்.”

“கலியபெருமாள்!”

“இருக்கேன்!”

“ஆமா, இவருதான்.” அலுவலரின் பேனா ஓடியது. அவரும் இப்போது எங்களில் ஒருவர் போல வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நெற்றியில் வேர்த்திருந்தது.

“ஞானவேலு!”

“இருக்கேன், இருக்கேன்!”

“ஆமா.”

நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தியபோது சைக்கிள் பின்பாரம் இழந்து ஸ்டாண்டோடு முன்னால் நகர்ந்தது. பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. போனில் இருதயராஜ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அழுகிறார் என்று தெரிந்தது. பச்சையம்மாள் போனை இறக்கவில்லை. ஆலைக்குள் கேரியர் ஓடும் சத்தம் எப்போதும் போலக் கேட்டது, நாங்கள் அவ்வளவு பேரும் ஒன்றும் செய்யாமல் நின்றோம், செய்வதற்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் யாரும் சொல்லவில்லை.

அலுவலர் அம்மாள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “அடுத்தது யாருங்க?” பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், “வராதவங்க பேரை விட்டுட்டு மேல படிக்கலாம், அதுக்கு விதி இருக்கு” என்றார்.

என் விரல் அந்த வரியைத் தாண்டிக் கீழே இருந்த பெயருக்குப் போனது. தலைமையாசிரியை தலைகுனிந்துகொண்டார்.

“படிங்க தலைவரே” என்றாள் பச்சையம்மாள். “வேலையிலயே இல்லன்னு சொன்னானுங்க. விட்டுட்டுப் போனா நாமளும் சொன்ன மாதிரி ஆயிடும். பதில் வருதோ வரலயோ, இருக்கறவங்க காதுல உழட்டும். படிங்க.”

சைக்கிள்களுக்கு நடுவே நின்றவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்கள். உட்கார்ந்திருந்த சாட்சிகள் எழுந்தார்கள். அலுவலரும் எழுந்தார். நான் பட்டியலைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்:

“கரும்பு கேரியர் பிரிவு. பருவத் தொழிலாளி. மாரிமுத்து மகன் கன்னியப்பன்.”